சாதிக்காய்த் தீவுகளின் கண்ணீர்க் கதை

நம் இல்லங்களில் பிரியாணிக்கு மணமூட்டும் சாதிக்காயையும் சாதிபத்திரியையும் நாம் நன்கறிவோம். அந்த மணத்தின் பின்னே ஒரு முஸ்லிம் சமுதாயம் வேரோடு பிடுங்கப்பட்ட வரலாறு மறைந்து கிடப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தோனேசியாவின் கிழக்குக் கடலில் பந்தா என்னும் சிறு தீவுக்கூட்டம் உள்ளது. பல நூற்றாண்டுகளாக உலகம் பயன்படுத்திய சாதிக்காய் முழுவதும் இங்கிருந்தே சென்றது. எரிமலை மண்ணில், ஓங்கிய கனாரி மரங்களின் நிழலில் அது செழித்தது. அங்கே மன்னர் இல்லை; 'ஓராங் காயா' எனப்பட்ட ஊர்ப்பெரியவர்களே நிர்வாகம் நடத்தினர். காயைக் கொடுத்து, அண்டைத் தீவுகளின் சாகோ மாவையும், சாவகத்து அரிசியையும், நம் சோழமண்டலக் கரையின் துணியையும் மக்கள் பெற்றனர்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோ, தனக்கு மட்டுமே விற்க வேண்டும், அதுவும் தான் குறித்த விலைக்கே என்றது. உணவுக்கே பிற வணிகரை நம்பியிருந்த மக்கள் இதற்கு எவ்வாறு இணங்குவர்?

1621ஆம் ஆண்டில் யான் பீட்டர்சூன் கூன் பெரும்படையுடன் வந்திறங்கினான். செலாமோன் ஊர்ப் பள்ளிவாசலையே டச்சு அதிகாரி தன் தங்குமிடமாக்கிக்கொண்டான். பெரியவர்கள் முறையிட்டும் பயனில்லை. ஓரிரவு அங்கே ஒரு விளக்குக் கீழே விழுந்தது. அதுவே தாக்குதலுக்கான சைகை என்று கூறி வெறியாட்டம் தொடங்கிற்று. ஊர்கள் எரிந்தன. பெரியவர்கள் 44 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 15,000 மக்களில் தீவுகளில் எஞ்சியோர் ஆயிரம் பேரளவே என்பர் வரலாற்றாசிரியர். வாளுக்கும் பசிக்கும் இரையானோர் போக, நூற்றுக்கணக்கானோர் பத்தேவியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சிலர் கேய் தீவுகளுக்குத் தப்பினர்.

மனிதரை அழித்தவர்கள் மரங்களை மட்டும் விட்டுவைத்தனர். நிலம் 68 தோட்டங்களாகக் கூறுபோடப்பட்டு ஐரோப்பியரிடம் ஒப்படைக்கப்பட்டது. உழைக்க ஆசியாவின் பல கரைகளிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிய ரன் தீவில் மரங்களையும் அழித்தனர். வேறெங்கும் முளைத்துவிடலாகாது என்று காய்களைச் சுண்ணாம்பில் தோய்த்தே அனுப்பினர். பின்னாளில், 1796 முதல் பந்தாவை இருமுறை கைப்பற்றிய ஆங்கிலேயர் கன்றுகளைப் பினாங்குக்கும் பிற குடியேற்றங்களுக்கும் கொண்டுசென்றனர். எதற்காக ஒரு சமுதாயம் அழிக்கப்பட்டதோ, அந்த முற்றுரிமையும் அதன்பின் நிலைக்கவில்லை.

இன்று பழைய பந்தா மொழி ஒலிப்பது பந்தாவில் அன்று. தப்பியோடியவர்களின் வழிவந்தோர் வாழும் கேய் தீவின் பந்தா ஏலி என்னும் ஊரில்தான்! மண்ணைப் பறித்தவர்களால் அம்மக்களின் நாவைப் பறிக்க இயலவில்லை. ஏகாதிபத்தியம் மனிதரை மட்டுமன்று, மரத்தையும் உணவையும் மொழியையும் இடம்பெயர்த்தது என்பதை அடுத்த முறை சாதிக்காயை உரைக்கும்போது நாம் நினைவுகூர்வோமாக!