குறிப்புச் சீட்டுக்கு முன் பிசி

ஒளித்துவைத்த பொருளைக் குறிப்புச் சீட்டுகளின் துணையால் குழுவாகத் தேடும் புதையல் வேட்டை மேலை நாட்டு விளையாட்டாக வந்ததெனினும், குறிப்பிலிருந்து பொருளை ஊகிக்கும் பழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் ‘பிசி’ எனக் குறித்து, உவமையால் மறைப்பது, வெளிப்படச் சொன்னதைக் கொண்டு மறைபொருளைத் துணியவைப்பது என இருவகையாகப் பிரிக்கிறது. அந்நூலின் உரையாசிரியரான பேராசிரியர் என்பவர், தந்தத்தைப் பிறையாகவும் உடலை மலையாகவும் காட்டி யானையை ஊகிக்கவைக்கும் பிசி ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். அத்தனை சுருக்கமான குறிப்பை இன்றைய சீட்டுகளில் காண்பது அரிது. நாட்டுப்புறத்தில் ‘அழிப்பாங்கதை’ என்றும் வழங்கும் இவ்வடிவம், ஒருவர் தொடுக்கப் பலர் கூடி விடுவிக்கும் பொழுதுபோக்காகவே நிலைத்தது. புதையல் வேட்டை நடத்த எண்ணுவோர் தங்கள் குறிப்புகளை இம்மரபிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.