பழைய டர்போ எஞ்சின் வாங்கப் போறீங்களா? '1.3 டீசல் எல்லாம் ஒண்ணுதான்' என்பது ஏன் தவறு?

மைசூருவில் வேலை, வார இறுதியில் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ பயணம். கையில் 2010-ஐ ஒட்டி வாங்கிய ஒரு ஸ்விஃப்ட் டீசல். ஒரு நாள் கறுப்புப் புகை, விசில் சத்தம், மேட்டில் இழுவை இல்லை. "டர்போ போச்சு சார், எஞ்சினும் ஆயில் குடிக்குது. பழைய எஞ்சின் ஒண்ணு போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் என்று எங்கே விசாரித்தாலும் பதில் ஒன்றுதான்: "1.3 டீசலா? எல்லாம் ஒண்ணுதான், அப்படியே உட்காரும்."

உட்காரும் என்பது உண்மை. ஓடுமா, ஆர்டிஓ ஏற்குமா என்பது வேறு கேள்வி.

ஏன் இந்தக் குழப்பம்?

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சினை ஒரு காலத்தில் 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்றே அழைத்தார்கள். மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட், ஃபியட்டில் மல்டிஜெட் என்று பெயர் மாறும். அடிப்படை ஒன்றுதான்: 1,248 சிசி, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டீசல். 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்தது. பிஎஸ்6 விதி அமலுக்கு வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திக்கொண்டது. புதிய எஞ்சின் இனி வராது என்பதால் பழைய சந்தையில் இதற்குக் கிராக்கி.

ஆனால் இந்த எஞ்சின் முக்கியமாக இரண்டு வகையில் வந்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் கார்களில் 75 பிஎஸ். எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா கார்களில் 90 பிஎஸ். டாடாவிலும் இப்படித்தான்: இண்டிகா விஸ்டாவில் 75, மான்ஸாவில் 90. இந்த 15 பிஎஸ் வித்தியாசத்துக்கு முக்கியக் காரணமே டர்போதான்.

இரண்டு டர்போவுக்கும் என்ன வித்தியாசம்?

75 பிஎஸ் எஞ்சினில் இருப்பது ஃபிக்ஸட் டர்போ. பூஸ்ட் அழுத்தம் அதிகமானால் 'வேஸ்ட்கேட்' என்ற சின்னக் கதவு திறந்து, புகையின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியே விட்டுவிடும்.

90 பிஎஸ் எஞ்சினில் இருப்பது விஜிடி. டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகள் இருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அவை நெருங்கி, புகையை வேகமாகப் பாய்ச்சும். வேகம் கூடும்போது விரியும். அவற்றை எப்போது, எவ்வளவு அசைப்பது என்று முடிவு செய்வது ஈசியூ.

கடையில் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். சைலன்ஸர் பைப் மாட்டும் வாயில் எட்டிப் பாருங்கள். ஒரு ஓட்டையை மூடும் கதவு தெரிந்தால் வேஸ்ட்கேட். கதவு இல்லாமல், வெளியே உள்ள ராடு டர்பைன் கூட்டுக்கும் நடுப்பகுதிக்கும் இடையே ஒரு லீவரை அசைத்தால் விஜிடி. வெளியே டப்பாவும் ராடும் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அது இரண்டிலும் உண்டு.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

75 பிஎஸ் வண்டியின் ஈசியூவுக்கு விஜிடி தகடுகளை அசைக்கத் தெரியாது. அந்த புரோகிராமே அதில் இருக்காது. தகடுகள் ஒரே நிலையில் நின்றுவிடும். திறந்தே நின்றால் ஆரம்ப இழுவை செத்துப்போகும், புகை தள்ளும். மூடியே நின்றால் அழுத்தம் எல்லை மீறி, புதிதாகப் போட்ட எஞ்சினையே பதம் பார்க்கும்.

"அப்போ ஈசியூவையும் சேர்த்து மாத்திடலாம்" என்பார்கள். ஈசியூ தனியாக வேலை செய்யாது. சாவியில் உள்ள சிப், இம்மொபிலைசர், ஈசியூ மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். வயரிங்கும் பொருந்த வேண்டும். டாடா அல்லது ஃபியட் எஞ்சினை மாருதியில் போடுவதாக இருந்தால் மவுண்ட், வயரிங், ஈசியூ என்று வேலை நீண்டுகொண்டே போகும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது கடைசியில் காரின் விலையைத் தொட்டுவிடும்.

சரியான பார்ட் என்று எப்படி உறுதி செய்வது?

பார்ட் நம்பர்: முதலில் உங்கள் வண்டியில் உள்ள பழைய டர்போவின் பிளேட்டை போட்டோ எடுங்கள். அதில் தயாரிப்பாளரின் பார்ட் நம்பரும், பெரும்பாலும் கார் கம்பெனியின் நம்பரும் இருக்கும். சீரியல் நம்பர் ஒவ்வொன்றுக்கும் மாறும். பார்ட் நம்பர்தான் பொருந்த வேண்டும். கேரட் நிறுவனம் 2018 வரை ஹனிவெல்லின் பகுதியாக இருந்ததால், பழைய பிளேட்டில் ஹனிவெல் என்று இருந்தாலே போலி என்று நினைக்க வேண்டாம். பிளேட்டே இல்லாத டர்போவை விட்டுவிடுங்கள்.

ஆட்டம்: ஷாஃப்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மீது மிதந்து சுற்றுவதால் அந்த இடைவெளி தேவை. முன்னும் பின்னும் ஆட்டம் தெரியக் கூடாது. இறக்கைகள் கூட்டில் உரசிய தடமோ, நுனியில் வெட்டோ இருந்தால் வேண்டாம்.

ஆயில்: காற்று போகும் பக்கம் லேசான ஆயில் ஈரம் இருப்பது சகஜம். தேங்கி நின்றால் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்ஜெக்டர்: பல காமன் ரெயில் எஞ்சின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு கோடு இருக்கும். மாற்றிப் போட்டால் அதை ஸ்கேனர் மூலம் ஈசியூவில் பதிய வேண்டும். இதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. ஆயில் வராமலோ, அழுக்கு ஆயில் வந்தோதான் சாகிறது. ஆயில் பைப்பையும் சம்ப் வலையையும் சுத்தம் செய்யாமல், இன்டர்கூலரில் சிக்கிய உலோகத் துணுக்குகளை எடுக்காமல் வேறு டர்போ மாட்டினால், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52-படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. 2019 சட்டத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ-படி, அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அதனால் ஸ்விஃப்ட்டில் எர்டிகா எஞ்சின் என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அல்ல. அதே வகை எஞ்சினைப் போட்டாலும் எண் மாறுகிறது. ஆர்டிஓவிடம் முதலிலேயே அனுமதி வாங்குவது நல்லது. மாற்றிய பிறகு 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்சியில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். கேஏ-09, கேஏ-55 என்று மைசூரு பதிவாக இருந்தாலும், தமிழ்நாட்டு டிஎன் பதிவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

'யார் பார்க்கப் போறாங்க' என்று விட்டால் மூன்று இடங்களில் மாட்டுவீர்கள். 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் ஆய்வில், வண்டியை விற்கும்போது, விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது. பாலிசியிலும் பழைய எஞ்சின் எண்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த எஞ்சின் திருட்டு வண்டியுடையதாக இருப்பது. எண் சுரண்டப்பட்டதா, மறுபடி பொறிக்கப்பட்டதா என்று பிளாக்கில் கையால் தடவிப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் போலீஸ் தளத்தில், திருட்டு வாகனப் பட்டியலோடு எஞ்சின், சேசிஸ் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எஞ்சின் எண்ணை எழுதிய பில், எஞ்சின் வந்த வண்டியின் ஆர்சி நகல், டர்போ பிளேட்டின் போட்டோ ஆகிய மூன்றையும் கேளுங்கள். "பில் வேணாம் சார், விலை குறைச்சுக்கலாம்" என்று பதில் வந்தால், அந்தத் தள்ளுபடியின் விலையைப் பிறகு நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அடுத்த கடைக்கு நடப்பதே லாபம்.