கேளாத செவிகள்

1967ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். லண்டன் மாநகரின் ஹாம்ப்ஸ்டெட் வெளியில் ஒரு மனிதர் தம் உடலுக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டு மாண்டார். யார் அவர்? ஊர் எது? உற்றார் எவர்? ஒருவருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பெயரில்லாப் பிணமாகவே இருந்தார். கிழிந்த அஞ்சலட்டைத் துண்டொன்றில் இரண்டே சொற்கள் எஞ்சியிருந்தன: 'ஸ்கெஃபிங்டன்', 'டப்ளின்'. அந்தச் சொற்களைப் பற்றிக்கொண்டு சென்றபோதுதான் உண்மை துலங்கிற்று. அவர் பீட்டர் டைரல். அயர்லாந்து நாட்டுத் தையற்காரர்.

அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஏழை வீட்டில் பிறந்தார்! அதற்காக 1924இல், எட்டு வயதில், நீதிமன்றம் அவரை லெட்டர்ஃப்ராக் என்னும் ஊரிலிருந்த தொழிற்பள்ளிக்கு அனுப்பிற்று. திருடனை அனுப்புவதுபோல வறியவனையும் நீதிமன்றத்தின் வழியே அனுப்பினார்கள். 1868ஆம் ஆண்டுச் சட்டம் தோற்றுவித்த இப்பள்ளிகள் நாடெங்கும் இருந்தன. அவற்றை நடத்தியவர்கள் துறவுச் சபையினர். பணம் தந்தது அரசு. எப்படித் தந்தது? தலைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டுத் தந்தது! தலை குறைந்தால் தொகையும் குறையும். அப்படியிருக்க, பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்ப எந்த நிர்வாகிக்கு மனம் வரும்?

அடி, பசி, குளிர், சிலருக்கு வெளியே சொல்லவும் நா எழாத கொடுமை. டைரல் பின்னாளில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் போர்க் கைதியாகச் சிக்கினார். அந்தச் சிறை முகாமே தம் பள்ளியைவிட மேல் என்று எழுதி வைத்தார். தோழர்களே, இந்த ஒப்பீட்டை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் பணிபுரியும் நாம் இதைப் படித்த அன்று, வகுப்பறைக்குள் நுழையக் கால் கூசிற்று.

அவர் வாய்மூடி இருந்தாரா? இல்லை! எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். தம்மை வதைத்த சபைக்கே முறையிட்டார். பள்ளிகளில் பிரம்படி கூடாதெனப் போராடிய மேலவை உறுப்பினர் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன் செவி கொடுத்து, 'உம் வரலாற்றை எழுதும்' என ஊக்கினார். எழுதிய ஏடு அச்சேறவில்லை. டைரல் எரிந்தார்; ஏடு உறங்கிற்று.

பாதிக்கப்பட்டோர் பேசவில்லை, அதனால் நாடு அறியவில்லை என்பார்கள். பொய்! 1946இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிளனகன் என்னும் பாதிரியாரே இந்நிலையங்களின் கொடுமையைக் கண்டித்தார். அங்கி அணிந்தவரே சொல்லியும் என்ன பயன்? மிகைப்படுத்துகிறார் என்று நாடாளுமன்றத்தில் ஒதுக்கித் தள்ளினார் நீதித்துறை அமைச்சர் ஜெரால்டு போலண்ட். இன்ன நாள் வருவேன் என்று சொல்லி வந்தார்கள் அரசின் பார்வையாளர்கள். அன்றைக்கு மட்டும் நல்லுடை, நல்ல விரிப்பு! பிள்ளையைத் தனியே அழைத்து, 'நீ எப்படி இருக்கிறாய்?' எனக் கேட்டவர் அரிதினும் அரிது. துறவியர் முன் கைகட்டி நின்றது கல்வித்துறை. கடவுளின் பெயரைச் சொன்னவர்களைக் கேள்வி கேட்பதா என்ற அச்சம், அமைச்சர் முதல் அண்டை வீட்டார் வரை எல்லோரையும் ஊமையாக்கியது.

1999இல்தான் அணை உடைந்தது. மேரி ராஃப்டரி என்னும் செய்தியாளர் ஆக்கிய மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர் நாட்டையே உலுக்கிற்று. மே 11ஆம் நாள் தலைமை அமைச்சர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2000இல் விசாரணை ஆணையம் சட்டப்படி அமைந்தது. அதன் ஒரு குழு குற்றச்சாட்டுகளை ஆராய்ந்தது. நாம் பெரிதாக மதிப்பது மற்றொன்றை. மந்தணக் குழு எனலாம். அங்கே எதிர்வழக்கறிஞர் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. வருபவர் தமக்கு வேண்டியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். 1,090 ஆண்களும் பெண்களும் வந்தனர். நரைத்த தலையினர், பலர் மனைவிக்கும் மக்களுக்கும்கூட வாய் திறக்காதவர்கள். கொடுமையை மட்டும் அவர்கள் கூறவில்லை. எவரோ ஒருவர் என்றோ ஒருநாள் சொன்ன அன்புச் சொல்லையும் ஐம்பது ஆண்டுகள் காத்து வைத்திருந்து கூறினார்கள்! ஒரு சொல்லுக்கு இத்தனை ஆண்டு நன்றி பாராட்டும் நெஞ்சங்களையா கல்லென்று எண்ணி அடித்தார்கள்?

பாதை எளிதாக இல்லை. விசாரிக்கப்படும் கல்வித்துறையே ஆணையத்துக்குப் பொறுப்பான துறையாகவும் இருந்த விந்தையைப் பாருங்கள்! அத்துறையின் ஒத்துழைப்பின்மையைக் குறைகூறி 2003இல் தலைவர் மேரி லஃபாய் விலகினார். ஷான் ரையன் பொறுப்பேற்றார். லெட்டர்ஃப்ராக் பள்ளியை நடத்திய கிறித்தவச் சகோதரர் சபை, பெயர்கள் வெளிவருவதை எதிர்த்து வழக்காடிற்று. 2009 மே 20இல் ஐந்து பெருந்தொகுதிகளாக அறிக்கை வந்தது. வதைத்தவர்களின் உண்மைப் பெயர்கள் அதில் இல்லை, புனைபெயர்களே இருந்தன.

இழப்பீடு வழங்க 2002இல் சட்டம் வந்தது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெற்றனர். ஆனால் அச்சட்டத்தில் ஒரு பூட்டு! தம் விண்ணப்பத்தையும் பெற்ற தொகையையும் பற்றி, தம்மையோ நிலையத்தையோ குறிப்பிட்டு வெளியிட்டால் குற்றம். 25,000 யூரோ வரை தண்டமும் ஈராண்டு வரை சிறையும் உண்டு. பேசு என்று அழைத்த அரசே வாய்க்குத் தாழும் இட்டது! வதைத்தவன் பெயருக்குக் காவல், வதைபட்டவன் வாய்க்குப் பூட்டு. இதனை நடுநிலை என்று நம்மால் ஏற்க இயலாது.

டைரலின் ஏடு, ஸ்கெஃபிங்டனின் தாள்களிடையே, அயர்லாந்தின் தேசிய நூலகத்தில் ஆய்வாளர் ஒருவர் கண்ணில் பட்டது. 2006இல் நூலாயிற்று. எழுதியவர் மறைந்து முப்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 2019இல் அயர்லாந்து அரசு மற்றொரு மசோதாவைக் கொண்டுவந்தது. ஆணையத்தின் முன்பும் இழப்பீட்டு வாரியத்தின் முன்பும் சொல்லப்பட்டவற்றையெல்லாம் எழுபத்தைந்து ஆண்டுகள் முத்திரையிட்டு வைப்பதே அதன் நோக்கம். எங்கள் சொல் எங்களுடையது என்று பாதிக்கப்பட்டோர் பலர் எதிர்த்தனர். வரலாற்றறிஞரும் உடன் நின்றனர். 2020 தொடக்கத்தில் நாடாளுமன்றம் கலைந்தபோது, சட்டமாகாமலே அந்த மசோதாவும் வீழ்ந்தது.