செந்நிற ரோஜாவும் அன்பளிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒவ்வோராண்டும் பிப்ரவரி மாதம் பிறந்ததும் முஸ்லிம் சமுதாயத்தில் ஒரு சர்ச்சை எழுவதும், மாதம் முடிந்ததும் அது அடங்கிப்போவதும் வழக்கமாகிவிட்டது. பிப்ரவரி 14 அன்று செந்நிற ரோஜாவை அன்பளிப்பாக வழங்குவது பற்றிய சர்ச்சையே அது. ரோஜா மேலைநாட்டாரின் சின்னம், அதனை ஏந்துவது அந்நியருக்கு ஒப்பாவதாகும் என்பர் ஒரு சாரார். ரோஜாவுக்குக் காதல் என்று பொருள் இருப்பது எல்லாச் சமூகங்களிலும் என்றும் உள்ளது, இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்பர் மறுசாரார். அந்த நாளைக் கொண்டாடலாமா என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் தீர்ப்பளிக்க வேண்டிய விஷயம். அதில் நாம் புகப்போவதில்லை. ஆனால் இரு சாராரும் தத்தம் வாதத்தை ஒரு வரலாற்றுச் செய்தியின் மீதே எழுப்புகின்றனர். அந்தச் செய்தி இரு தரப்பிலும் தவறாக இருக்கிறது. ரோஜாவுக்கு நம் முன்னோர் என்ன பொருள் கண்டனர், அதனை யாருக்கு எப்படி அளித்தனர் என்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். அரபியில் 'வர்த்' என்பது பொதுவாகப் பூவையும், சிறப்பாக ரோஜாவையும் குறிக்கும். ஃபார்ஸியில் 'குல்' என்பதும் அவ்வாறே. குல்லும் நீரைக் குறிக்கும் 'ஆப்' என்பதும் சேர்ந்து 'குலாப்' ஆயிற்று. அதன் நேர்ப்பொருள் பன்னீர். ஆயினும் உருதுவில் நீரின் பெயர் பூவுக்கே ஆகிவிட்டது. பூவைவிடப் பூவின் நீரே மக்கள் வாழ்வில் பெரிதாக இருந்தது என்பதற்கு இந்தச் சொல் ஒன்றே போதிய சான்று.

திருக்குர்ஆனில் 'வர்தா' என்ற சொல் ஒரேயோர் இடத்தில்தான் வருகிறது. ஸூரத்துர் ரஹ்மானின் 37ஆம் வசனத்தில். அங்கே பேசப்படுவது அன்போ அழகோ அன்று. மறுமை நாளில் வானம் பிளந்து செந்நிறமாக மாறும் அச்சம். விரிவுரையாளர்களுள் சிலர் இதனை ரோஜாவின் நிறம் என்றனர்; வேறு சிலர், அரபுகள் 'வர்த்' என அழைக்கும் செந்நிறக் குதிரையின் நிறம் என்றனர். எப்படியாயினும், அரபுச் செவியில் அச்சொல் முதலில் நிறத்தை உணர்த்தியது.

அன்பளிப்பு பற்றிய நபிவழியில் நாம் காணும் சொல் 'ரைஹான்'. நறுமணச் செடி கொடி யாவற்றுக்கும் உரிய பெயர் அது. ஒருவருக்கு ரைஹான் அளிக்கப்பட்டால் அவர் அதனை மறுக்கலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சுமப்பதற்கு இலேசு, மணமோ இனிது என்பதே அங்குக் கூறப்படும் காரணம். நறுமணப் பொருளை அண்ணலார் மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. இக்காரணத்தை ஊன்றி நோக்க வேண்டும். கொடுப்பவருக்குச் செலவில்லை, பெறுபவருக்குக் கைம்மாறு செய்யும் சுமை இல்லை. அந்தப் பூ எந்தச் சொல்லையும் ஒளித்து வைத்திருக்கவில்லை. மணத்தைத் தவிர அதற்கு வேறு செய்தி இல்லை.

அண்ணலாரின் வியர்வையிலிருந்து ரோஜா படைக்கப்பட்டது என்ற கதை நம் மக்களிடையே பரவியுள்ளது. ஈரானில் அம்மலருக்கே 'குலே முஹம்மதி' என்று பெயர். ஆனால் ஹதீஸ் கலை அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இது ஆதாரபூர்வமானதன்று என்றார்கள். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்டது என்றே கூறினார்கள். மாறாக, அண்ணலார் உறங்கும்போது அரும்பிய வியர்வையை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் குப்பியில் சேகரித்துத் தம் நறுமணப் பொருளில் கலந்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. உண்மையே இத்துணை இனிதாக இருக்கையில் கதைக்கு என்ன தேவை என்று நமக்குத் தோன்றுகிறது.

பின்வந்த நூற்றாண்டுகளில் ரோஜா ஒரு பெரும் பொருளாதாரமாகவே வளர்ந்தது. கலீஃபா மஃமூனின் காலத்து (கி.பி. 813-833) வரிப்பட்டியலை இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் எடுத்தெழுதியிருக்கிறார். அதன்படி பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணம் திர்ஹங்களுடன் ஆண்டுதோறும் 30,000 குப்பிப் பன்னீரும் பக்தாதுக்குச் செலுத்தியது. பன்னீர் வடிக்கும் முறையை இப்னு சீனாவே கண்டுபிடித்தார் என்று நம்மவர் பலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. இப்னு சீனா பிறந்தது 980இல். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மறைந்த அல்கிந்தீ, நறுமணப் பொருள்களை வாலையில் வடிப்பது பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். 1187இல் பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டபோது, ஸலாஹுத்தீனின் உறவினர்கள் ஒட்டகச் சுமைகளாகப் பன்னீர் கொணர்ந்து குப்பத்துஸ் ஸக்ராவைக் கழுவினர். நம் திருமண வீடுகளின் வாயிலில் விருந்தினர் மீது பன்னீர்ச் செம்பால் தெளிக்கிறோமே, அதுவும் இந்த நெடிய மரபின் ஒரு துளியே. தெளிப்பவரும் தெளிக்கப்படுபவரும் அதில் காதற்பொருள் எதையும் காண்பதில்லை.

பூவுக்குப் பொருள் கற்பித்தவர்கள் அப்பாஸிய அரசவையினர். கலீஃபா முதவக்கில் (847-861) பற்றி ஒரு செய்தி வழங்குகிறது: மன்னர்களுக்கு மன்னர் தாம், மலர்களுக்கு மன்னன் ரோஜா, ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் உரியவர் எனக் கூறி, அம்மலரைப் பிறர் வைத்திருக்கவே அவர் தடை விதித்தாராம். அவரைப் பற்றி ஷாபுஷ்தீ தரும் மற்றொரு செய்தி இன்னும் விந்தையானது. ரோஜா மலராத பருவத்தில் ரோஜா விழா காண அவர் விரும்பினார். 50 இலட்சம் மெல்லிய திர்ஹங்கள் வார்க்கப்பட்டு, பல நிறங்களில் சாயமேற்றப்பட்டு, காற்றில் இதழ்களைப் போல் தூவப்பட்டன. சுமப்பதற்கு இலேசு என்பதற்காக மறுக்கலாகாது எனப்பட்ட பொருள், இரண்டு நூற்றாண்டுகளில் எங்கு வந்து நின்றது பாருங்கள்.

அதே நூற்றாண்டில் கவிஞர் இப்னுர் ரூமீ (836-896) ரோஜாவை இகழ்ந்து நர்கிஸ் மலரை உயர்த்திப் பாடினார். அதற்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாகக் கவிஞர் பலர் களமிறங்கினர். இந்த வழக்கு அந்தலுஸ் வரை சென்றது. அங்கே 11ஆம் நூற்றாண்டில் இப்னு புர்த் என்ற உரைநடையாளர், எல்லா மலர்களும் கூடி ரோஜாவிடம் பைஅத் செய்வதாக ஒரு மடலே எழுதினார். செவில் நகரத்து அல்ஹிம்யரீ அதனை மறுத்தெழுதினார். கற்றோர் விளையாட்டுத்தான் இது. எனினும் இந்த வாதங்களில் ரோஜாவுக்கு எதிராகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. ரோஜா ஆண்டுக்கு ஒருமுறை, சில நாட்களே இருக்கும். 'ஆஸ்' என்னும் செடியோ ஆண்டு முழுதும் பசுமை மாறாது. ஆகவே நிலையற்ற நட்புக்கு ரோஜாவும், வாக்குத் தவறாத நட்புக்கு ஆஸும் உவமைகளாயின.

937 அளவில் மறைந்த பக்தாத் இலக்கண அறிஞர் அல்வஷ்ஷா எழுதிய 'அல்முவஷ்ஷா' என்னும் நூல், நாகரிகம் மிக்க மாந்தரின் நடையுடை பாவனைகளை விவரிக்கிறது. எவற்றை அன்பளிப்பாக அனுப்பலாகாது என்பதற்கு அதில் தனிப்பகுதி உண்டு. ஸஃபர்ஜல் என்னும் சீமை மாதுளையை அவர்கள் அனுப்ப மாட்டார்கள். அப்பெயரினுள் 'ஸஃபர்', அதாவது பிரிந்து செல்லும் பயணம் இருக்கிறது. ஸவ்ஸன் மலரின் பெயரில் தீமையைக் குறிக்கும் 'ஸூ' ஒலிக்கிறது. யாஸமீன், அதாவது நம் மல்லிகை, அதுவும் ஆகாது. அதில் 'யஃஸ்', அதாவது நம்பிக்கையிழத்தல் மறைந்திருக்கிறது. சகுனம் பார்ப்பதை மார்க்கம் ஏற்பதில்லை என்பது வேறு. நாம் கவனிக்க வேண்டியது, பொருள் இங்கே பூவின் நிறத்திலிருந்து பிறக்கவில்லை, பெயரின் ஒலியிலிருந்து பிறக்கிறது என்பதை. இந்தக் குறிப்பு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

ஸூஃபியாக்கள் ரோஜாவை வேறு உயரத்துக்கு ஏற்றினர். ஷீராஸில் வாழ்ந்த ரூஸ்பிஹான் பக்லீ (1128-1209) தம் ஆன்மிகக் காட்சிகளில் செந்நிற ரோஜாக்களை இறைப்பேரழகின் ஒளியாகக் கண்டார். அதற்கு அவர் காட்டும் ஹதீஸ் ஆதார நூல்களில் இல்லை. ஆயினும் ஃபார்ஸிக் கவிதையின் குல்லும் புல்புலும் அக்காட்சிகள் இல்லாமல் விளங்கா.

அந்நகரத்தவரான ஸஅதீயின் 'குலிஸ்தான்' இந்திய மத்ரஸாக்களில் நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. ரோஜாவையும் அன்பளிப்பையும் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஆழமான இரு நிகழ்ச்சிகள் அதன் முன்னுரையில்தான் உள்ளன. தியானத்தில் ஆழ்ந்து மீண்ட ஓர் இறைநேசரிடம், நீர் சென்ற தோட்டத்திலிருந்து எமக்கு என்ன கொண்டுவந்தீர் என நண்பர் கேட்கிறார். தோழர்களுக்கென ரோஜாக்களை மடி நிறையக் கொள்ள எண்ணியதாகவும், மலரின் மணத்தில் மயங்கி மடியே கை நழுவிவிட்டதாகவும் அவர் விடை பகர்கிறார். மற்றொன்று ஸஅதீயின் சொந்த அனுபவம். ஒரு தோட்டத்தில் இரவு தங்கிய பின், காலையில் அவருடைய நண்பர் ரோஜாவும் ரைஹானும் பறித்து மடியில் கட்டி நகருக்குப் புறப்படுகிறார். ஐந்தாறு நாட்களில் வாடும் இவை எதற்கு, என்றும் வாடாத ஒரு குலிஸ்தானை நான் எழுதித் தருகிறேன் என்கிறார் ஸஅதீ. நண்பர் பூக்களைக் கீழே கொட்டிவிட்டு அவருடைய ஆடையைப் பற்றிக்கொள்கிறார். தோட்டத்து ரோஜாக்கள் முற்றும் உதிருமுன் நூல் நிறைவுற்றதாம். அது ஹிஜ்ரி 656, கி.பி. 1258. அதே ஆண்டின் பிப்ரவரியில்தான் மங்கோலியர் கையில் பக்தாத் வீழ்ந்தது. நிலையாமை என்பது அந்த வசந்தத்தில் ஏட்டளவான செய்தியாக இருந்திருக்க முடியாது.

அப்படியானால், இந்தப் பூவுக்கு இந்தப் பொருள் என அகராதி போட்டுக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை இஸ்தான்புல்லில் இருக்கிறது. ஆங்கிலத் தூதரின் மனைவியாக அங்கு வாழ்ந்த லேடி மேரி வோர்ட்லி மான்டேகு, 1718இல் எழுதிய கடிதமொன்றில் துருக்கியரின் 'காதல் மடல்' பற்றி விவரித்தார். அம்மைக்கு அம்மைப்பால் குத்தும் முறையை அங்கே கண்டு தம் நாட்டில் பரப்பியவரும் இவரே. அவருடைய கடிதங்கள் 1763இல் அச்சேறியதும் ஐரோப்பா அதில் மயங்கியது. ஆனால் அவர் தந்த பட்டியலில் பூக்கள் சிலவே. முத்து, கிராம்பு, காகிதம், சோப்பு, நிலக்கரி, மிளகு என வீட்டுப் பொருள்களே மிகுதி. ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் எதுகையாக ஒரு வரி. அந்த வரியே செய்தி. பேரிக்காய்க்குத் துருக்கியில் 'அர்முத்'. அதனோடு ஒலியொத்த 'உமுத்' என்பதற்கு நம்பிக்கை என்று பொருள். எனவே பேரிக்காய் அனுப்பினால் நம்பிக்கை தருக என்று வேண்டுவதாகும். ரோஜா 'குல்', அதே ஒலிக்குச் 'சிரி' என்ற பொருளும் உண்டு. எனவே ரோஜா சொல்லும் செய்தி, நீ மகிழ்ந்திரு, துயரம் என்னோடு போகட்டும் என்பதே. அல்வஷ்ஷாவின் பக்தாதில் நாம் கண்ட அதே சொல்விளையாட்டு, எண்ணூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு மொழியில்!

ஆஸ்திரியக் கீழ்த்திசை அறிஞர் ஹாமர்-புர்க்ஷ்டால் 1809இல் இதனை ஆய்ந்து, இது காதலரின் இரகசிய மொழியன்று, அந்தப்புரப் பெண்டிர் பொழுதுபோக்குக்காக ஆடிய எதுகை விளையாட்டு என்று எழுதினார். அதனை யார் கேட்டார்கள்? 1819இல் பாரிஸில் ஷார்லோட் தெ லத்தூர் என்ற புனைபெயரில் 'மலர்களின் மொழி' வெளிவந்தது. அதைப் பின்பற்றிப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பல கையேடுகள் வந்தன. துருக்கி மொழியின் எதுகை, பிறமொழியில் உயிர்வாழாது. ஆகவே ஒலி போயிற்று. நிறமும் தோற்றமும் அதன் இடத்தைப் பிடித்தன. ரோஜாவைக் காதல் தெய்வத்துக்கு உரியதாகக் கருதிய பண்டைய கிரேக்க, ரோமானிய நினைவு ஐரோப்பாவில் முன்னரே இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் அந்தப் பழைய நினைவைப் பொருள் அகராதியாக்கிக் கடைத்தெருவுக்கு அனுப்பும் வழியைத் திறந்தது இஸ்தான்புல் பற்றிய ஒரு பிழையான வாசிப்பு.

அந்த நிறமும் புதியது. அரபு, பாரசீகத் தோட்டங்களின் டமாஸ்கஸ் ரோஜா வெளிறிய இளஞ்சிவப்பு. வசந்தத்தில் சில வாரங்களே பூக்கும். ஆண்டு முழுதும் பூக்கும் சீன ரோஜா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குச் சென்று, பிற இனங்களுடன் கலந்த பின்னரே இன்றைய கருஞ்சிவப்பு ரோஜாக்கள் உருவாயின. ஓசூரிலிருந்து பிப்ரவரிச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் புகழ்பெற்ற சிவப்பு ரகத்தின் பெயர் 'தாஜ் மஹால்'. தொலைதூரம் செல்வதற்கென வளர்க்கப்படும் இத்தகைய மலர்களில் காம்பு நீண்டிருக்கும், இதழ் தாங்கும். மணம்தான் பெரும்பாலும் இராது. ரைஹானை மறுக்கலாகாது என்பதற்குச் சொல்லப்பட்ட இரு காரணங்களுள் ஒன்று அங்கேயே கழன்றுவிடுகிறது.

2008 பிப்ரவரியில் ரியாத் நகரின் கடைகளிலிருந்து செந்நிற ரோஜாக்களை அகற்றுமாறு ஒழுக்கக் கண்காணிப்புத் துறையினர் உத்தரவிட்டதாகச் செய்திகள் வந்தன. 2016இல் அத்துறையின் கைது அதிகாரம் நீக்கப்பட்டது. 2018இல் மக்கா பகுதியில் அதன் முன்னாள் தலைவராயிருந்த அஹ்மத் அல்காமிதீயே இதனை ஒரு சமூக வழக்கமாகக் கருதலாம் எனக் கூறியது பெரும் விவாதமாயிற்று. இந்த இரு கருத்துகளுக்கும் இடையில், அதே நாட்டின் தாயிஃப் மலைகளில் ஒவ்வொரு மார்ச் மாதமும் ரோஜா அறுவடை தடையின்றித் தொடங்கியது. அங்கே விடியற்காலையில், வெயில் ஏறுமுன் மலர்களைக் கொய்து, செம்புக் கொப்பரைகளில் இட்டு அத்தரும் பன்னீரும் வடிக்கின்றனர். தாயிஃப் ரோஜாவைச் சார்ந்த இம்மரபுகளை யுனெஸ்கோ நிறுவனம் 2024இல் மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. சிரியாவின் மராஹ் கிராமத்து டமாஸ்கஸ் ரோஜா மரபு 2019இலேயே, போர் முடியாத நிலையில், அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. தாயிஃபில் வடிக்கப்படும் அந்தப் பன்னீர், கஃபாவின் உட்புறத்தைக் கழுவும் ஸம்ஸம் நீரிலும் கலக்கப்படுகிறது.