27 வாக்குகளும் ஒரு திருச்சபையின் சொத்தும்

முன்னுரை

ஒரு திருச்சபையை நடத்த வேதாகமமும் ஜெபமும் போதும் என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் ஆலயம் கட்ட நிலம் வேண்டும். நிலம் வாங்கினால் பத்திரம் எழுத வேண்டும். அந்தப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கும்? சொத்து எந்த நோக்கத்துக்காக என்று எழுதுவது? பிற்காலத்தில் சபையார் மனம் மாறினால் சொத்து யாருக்குப் போகும்? நல்ல காலத்தில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. சண்டை வந்த பிறகு நீதிமன்றம்தான் கேட்கிறது. அப்படிக் கேட்கப்பட்டபோது என்ன நடக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் 1904ஆம் ஆண்டு முடிந்த ஒரு வழக்கு மிகச் சிறந்த உதாரணம். பேரவை வாக்கெடுப்பில் 643க்கு 27 என்று தோற்ற சிறுபான்மையினர், அந்த வழக்கின் மூலம் ஒரு பெரிய திருச்சபையின் முழுச் சொத்துக்கும் உரிமையாளர் ஆனார்கள்!

பிளவுக்குக் காரணம்

ஸ்காட்லாந்து திருச்சபை அரசின் ஆதரவு பெற்ற தேசியத் திருச்சபை. 1712ஆம் ஆண்டு முதல், ஓர் ஊரின் ஆலயத்துக்குப் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் அந்தப் பகுதியின் நிலப்பிரபுவிடம் இருந்தது. சபையாருக்குப் பிடிக்காத போதகர் வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். இதை எதிர்த்தவர்களின் முயற்சியால், 1834இல் திருச்சபையின் பொதுப்பேரவை ஒரு விதியை நிறைவேற்றியது. குடும்பத் தலைவர்களில் பெரும்பான்மையோர் மறுத்தால் அந்தப் போதகரை நியமிக்கக் கூடாது என்பதே அந்த விதி.

அதே ஆண்டில் ஆக்டரார்டர் என்ற ஊரில் அதற்குச் சோதனை வந்தது. நிலப்பிரபு அனுப்பிய போதகருக்கு ஊரில் இரண்டு பேர்தான் ஆதரவாகக் கையெழுத்திட்டார்கள். பட்டியலில் இருந்த 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் மறுத்தார்கள். சபை அவரை நிராகரித்தது. அவர் நீதிமன்றம் போனார், ஜெயித்தார். 1839இல், அப்போது பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைத் திருச்சபையின் விதியால் மீற முடியாது என்பது அதன் சாரம்.

1843 மே 18 அன்று எடின்பரோவில் பொதுப்பேரவை கூடியபோது, மாடரேட்டர் டேவிட் வெல்ஷ் ஓர் ஆட்சேபணை அறிக்கையை வாசித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவர் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் நடந்தார்கள். சில நாட்களில் 474 போதகர்கள் தங்கள் பதவியைத் துறந்து கையெழுத்திட்டார்கள். சுமார் 1,200 போதகர்கள் இருந்த திருச்சபையில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். சம்பளம், குடியிருந்த வீடு, ஆலயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்கள் வெளியேறினார்கள். இப்படிப் பிறந்ததுதான் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபை. அதன் முதல் மாடரேட்டர் தாமஸ் சால்மர்ஸ்.

காணிக்கையால் கட்டிய ஆலயங்கள்

புதிய திருச்சபையிடம் ஒரு கட்டடம்கூட இல்லை. சில நிலப்பிரபுக்கள் ஆலயம் கட்ட நிலம் தர மறுத்தார்கள். ஸ்ட்ரான்டியன் என்ற ஊரில் கரையில் இடம் கிடைக்காததால், 1846இல் மிதக்கும் ஆலயம் ஒன்றைக் கட்டி ஏரி போன்ற கடல் கழியில் நிறுத்தி ஆராதனை நடத்தினார்கள். ஆனாலும் மக்கள் கொடுத்த காணிக்கையால் சில ஆண்டுகளிலேயே 700க்கும் மேற்பட்ட ஆலயங்கள் எழும்பின. பள்ளிகளும் இறையியல் கல்லூரிகளும் வந்தன.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1837இல் இங்கே ஒரு பள்ளியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவருடன் இருந்த மிஷனரிகளும் 1843இல் சுயாதீனத் திருச்சபையின் பக்கம் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளிதான் பிற்காலத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதை வளர்த்த முதல்வர் வில்லியம் மில்லர் 1896இல் சுயாதீனத் திருச்சபையின் மாடரேட்டராகவும் இருந்தார்.

இவ்வளவு சொத்துக்கும் பத்திரம் தேவைப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாக எழுதினால் குழப்பம் வரும் என்று 1844இல் ஒரு மாதிரி அறக்கட்டளைப் பத்திரம் தயாரிக்கப்பட்டது. அதன்படி, ஆலயம் அறங்காவலர்களின் பெயரில் இருக்கும். சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த சபையாரின் பயனுக்காக அவர்கள் அதை வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் வேறு சபைகளோடு இணைந்தாலும் செல்லும் என்ற பொருளில் வாசகங்களும் அதில் இருந்தன. இவ்வளவு முன்யோசனை இருந்தும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திருச்சபை தன் அடிப்படைக் கொள்கையையே மாற்றிக்கொள்ளலாமா, கூடாதா என்பது எங்கும் தெளிவாக எழுதப்படவில்லை.

1900ஆம் ஆண்டு இணைப்பு

அரசு திருச்சபையை ஆதரிக்க வேண்டுமா என்ற கேள்வி அந்தக் காலத்தில் மிகப் பெரியது. "ஆதரிக்க வேண்டும், அது அரசின் கடமை" என்பது ஒரு கட்சி. "வேண்டாம், விசுவாசிகளின் காணிக்கையால் மட்டுமே திருச்சபை வாழ வேண்டும்" என்பது இன்னொரு கட்சி. சுயாதீனத் திருச்சபை அரசின் தலையீட்டை எதிர்த்து வெளியேறினாலும் முதல் கட்சியைத்தான் சேர்ந்தது. கெட்டுப்போன அமைப்பை விட்டுத்தான் வெளியேறுகிறோம், கொள்கையை விடவில்லை என்று 1843லேயே சால்மர்ஸ் பேசியிருந்தார். அந்தப் பேச்சு அறுபது ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் எதிராக வந்து நிற்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

காலம் மாறியது. 1874இல் நிலப்பிரபுக்களின் நியமன உரிமை ஒழிக்கப்பட்டது. அரசு ஆதரவு இல்லாமலேயே வாழப் பழகிவிட்ட சுயாதீனத் திருச்சபைக்கு, இரண்டாம் கட்சியைச் சேர்ந்த ஐக்கிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையோடு பெரிய வேறுபாடு தெரியவில்லை. 1900 அக்டோபரில் இணைப்புத் தீர்மானம் பேரவைக்கு வந்தது. ஆதரவு 643, எதிர்ப்பு 27. அக்டோபர் 31 அன்று இரண்டும் இணைந்து ஐக்கிய சுயாதீனத் திருச்சபை உருவானது.

எதிர்த்தவர்கள் பெரும்பாலும் வடக்கு மலைநாட்டையும் தீவுகளையும் சேர்ந்தவர்கள். அவர்கள் இணைய மறுத்து, "நாங்கள்தான் உண்மையான சுயாதீனத் திருச்சபை, ஆகவே சொத்து முழுவதும் எங்களுடையது" என்று வழக்குப் போட்டார்கள்.

தீர்ப்பு

எடின்பரோ நீதிமன்றங்களில் சிறுபான்மையினர் இரண்டு முறை தோற்றார்கள். பிறகு லண்டனில் பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்தார்கள். 1903இல் வாதம் கேட்கப்பட்டது. தீர்ப்பு வருமுன் 1904 மார்ச்சில் நீதிபதிகளில் ஒருவரான ஷாண்ட் பிரபு இறந்துவிட்டார். எனவே ஏழு நீதிபதிகள் முன்னிலையில் வழக்கு மீண்டும் நடந்தது. கடவுளின் முன்குறிப்பு பற்றிய கால்வினியக் கோட்பாடு மாற்றப்பட்டதா என்றுகூட நீதிபதிகள் ஆராய வேண்டியிருந்தது!

1904 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் சிறுபான்மையினர் ஜெயித்தார்கள். பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம் எளிமையானது. காணிக்கை கொடுத்தவர்கள் குறிப்பிட்ட கொள்கைகளை உடைய ஒரு திருச்சபைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணம் அந்த நோக்கத்துக்கான அறக்கட்டளைச் சொத்து. கொள்கையை மாற்றும் அதிகாரம் ஆவணங்களில் தரப்படவில்லை. எனவே எத்தனை பேர் வாக்களித்தாலும் சொத்து பழைய கொள்கையில் நிற்பவர்களுக்கே சேரும். ஒரு சமயச் சமூகத்தின் அடையாளம் அதன் கோட்பாட்டின் ஒற்றுமையில்தான் இருக்கிறது என்றார் ஹால்ஸ்பரி பிரபு. பத்திரத்தில் இருந்த இணைப்பு பற்றிய வாசகங்கள்கூட, அடிப்படைக் கொள்கையை விட்டுவிட்டு இணைவதற்கு அனுமதி ஆகாது என்று முடிவானது.

மாறுபட்ட இருவரில் ஒருவர் மெக்நாட்டன் பிரபு. உயிருள்ள திருச்சபைக்கு வளரும் உரிமை இல்லையா, 1843ஆம் ஆண்டோடு அதைக் கட்டிப்போட வேண்டுமா என்பது அவர் எழுப்பிய கேள்வி.

தீர்ப்பின் விளைவு விசித்திரமாக இருந்தது. ஆலயங்கள், கல்லூரிகள், நிதி, வெளிநாட்டு ஊழியச் சொத்து எல்லாம் சட்டப்படி ஒரு சிறு கூட்டத்துக்கு வந்துவிட்டன. அவ்வளவு ஆலயங்களில் ஆராதனை நடத்த அவர்களிடம் போதகர்களே இல்லை. மறுபக்கம், தங்கள் காணிக்கையால் கட்டிய ஆலயத்தில் உட்கார சபையாருக்கு உரிமை இல்லை.

சட்டத்தால் வந்த சமரசம்

பிரபுக்கள் சபையின் தீர்ப்புக்கு மேல் முறையீடு கிடையாது. எனவே நாடாளுமன்றம்தான் தலையிட வேண்டியிருந்தது. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்துவிட்டுத் திரும்பியிருந்த எல்ஜின் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணையம் விசாரித்தது. அதன் பரிந்துரைப்படி 1905இல் ஸ்காட்லாந்து திருச்சபைகள் சட்டம் நிறைவேறியது. சிறுபான்மையினரால் எவ்வளவு சொத்தை முறையாக நிர்வகிக்க முடியுமோ அவ்வளவு அவர்களுக்கு, மீதி பெரும்பான்மையினருக்கு என்பது அதன் அடிப்படை. ஓர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு சபையாராவது சிறுபான்மையினர் பக்கம் இருந்தால் ஆலயம் அவர்களுக்குச் சேரும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஐக்கிய சுயாதீனத் திருச்சபையின் ஆதரவிலேயே தொடர்ந்தது.

கற்ற பாடம் பிறகு ஆவணங்களில் தெரிந்தது. ஸ்காட்லாந்து திருச்சபைக்காக 1921இல் வந்த சட்டத்தோடு, அதன் அமைப்பு விதிகள் இணைக்கப்பட்டன. கோட்பாட்டு அறிக்கையை விளக்கவும் திருத்தவும், பிற திருச்சபைகளோடு இணையவும் திருச்சபைக்கு உரிமை உண்டு என்று அவற்றில் வெளிப்படையாக எழுதப்பட்டது. அந்த உரிமைக்கு வரம்புகளும் எழுதப்பட்டன. 1929 அக்டோபரில் ஐக்கிய சுயாதீனத் திருச்சபையின் பெரும்பகுதி ஸ்காட்லாந்து திருச்சபையோடு இணைந்தபோது 1904 திரும்ப வரவில்லை. 27 வாக்குகளின் வழியில் வந்த சுயாதீனத் திருச்சபையும் மறைந்துவிடவில்லை. அது இன்றும் ஸ்காட்லாந்தில் இயங்குகிறது.

முடிவுரை

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை எளிதில் சொல்லிவிட முடியாது. முன்னோர் கொடுத்த பணத்தை அவர்கள் நினைத்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது நியாயம்தான். ஒரு தலைமுறையின் கருத்து அடுத்த தலைமுறைகளைச் சிறைப்படுத்தக் கூடாது என்பதும் நியாயம்தான். இரண்டுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்பதைத் தொடங்கும்போதே எழுதி வைக்காததால், கோடு போடும் வேலை நீதிபதிகளிடம் போனது.

சொத்து யார் பெயரில், எதற்காக, விதியை மாற்ற யாருக்கு அதிகாரம், பிரிந்தால் யாருக்கு என்ன? ஒரு திருச்சபையோ சங்கமோ தொடங்கும் நாளில் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதி வைப்பது நல்லது. அன்று எல்லோரும் நண்பர்களாக இருப்பார்கள் என்பதால் அது சுலபமும்கூட.