ஆள்காட்டியும் கமராவும்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டி செல்லும் பாதையில் தெல்தெனியவை அணுகும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்கக் காணலாம். 1985ஆம் ஆண்டில் அணை திறந்துவைக்கப்பட்டது; பழைய தெல்தெனிய நகரம் அந்நீரின் அடியில் இருக்கிறது. நீர் வற்றும் மாதங்களில் கரையோரத்துச் சேற்றுநிலம் வெளிப்படும். அங்கே நாம் காலடி வைத்த மறுகணமே ஒரு பறவை வீரிட்டெழுந்து கத்தும். வேடன் வருவதை மற்ற உயிர்களுக்குக் காட்டிக்கொடுப்பதால் நம் முன்னோர் அதற்கு ஆள்காட்டி என்று பெயரிட்டனர். சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் நடந்து இரைதேடும் உள்ளான் முதலிய பறவைகள் யாவும் அச்சம் மிக்கவை. அவற்றுக்கெல்லாம் ஆள்காட்டியே காவற்காரன். இத்தகைய பறவைகளை அவை வாழும் இடத்திலேயே படம்பிடிக்க மனிதன் பட்ட பாட்டை இன்று நேயர்களுக்குச் சொல்லப் புகுகிறேன்.

நிழற்படக் கலை நம் மலைநாட்டுக்கு முன்னரே வந்துவிட்டது. அக்கலையில் பெரும் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கையில் வந்து குடியேறி, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்டது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டிலே மருந்தைப் பூசி, அது உலருமுன் படத்தை எடுத்துக் கழுவியும் முடித்துவிட வேண்டும். எதிரே இருப்பவர் பல வினாடிகள் அசையாதிருத்தல் வேண்டும். நிற்கும்போதும் வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும் உள்ளானிடம் இந்த நிபந்தனையை யார் போய்ச் சொல்வது?

உலர்தட்டு வந்த பின்னரே வழி பிறந்தது. இங்கிலாந்தின் யோர்க்ஷயர் மாகாணத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளான ரிச்சட் கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம்பிடித்தனர். 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட நூலின் படங்கள் யாவும் கமராவால் எடுக்கப்பட்டவை. கூடு அசையாது, தாய்ப்பறவையோ மனிதனைக் கண்டதும் பறந்துவிடும். ஆகவே மனிதன் மறையவேண்டியதாயிற்று. 1900ஆம் ஆண்டளவில் அவர்கள் ஒரு மாட்டின் தோலைப் பாடஞ்செய்து, உட்புறத்தை வெறுமையாக்கி, அதனுள்ளே கமராவுடன் புகுந்துகொண்டனர். மாட்டைக் கண்டு பறவை அஞ்சுவதில்லை அல்லவா? உள்ளே இருந்தவரின் வேதனையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பின்வந்தோர் மாட்டை விட்டுத் துணிக்கூடாரத்துக்கு மாறினர். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. இருவர் கூடாரத்தினுள் நுழைவர். ஒருவர் வெளியேறிப் பறவை காண நடந்து செல்வார். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டான் என்று எண்ணிக் கூட்டுக்குத் திரும்பும்.

சுவீடன் நாட்டு விக்டர் ஹசல்பிளாட் தம் பெயரால் 1948இல் வெளியிட்ட கமரா பின்னர் சந்திரனுக்கே சென்றது; ஆயினும் அதனை ஆக்கியவர் இளமை முதலே பறவைகளைப் படம்பிடித்தவர், வலசைப் பறவைகளைப் பற்றி 1935இலேயே நூல் வெளியிட்டவர். தமிழ்நாட்டிலே, நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912-1996), பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒரு பாரிய கமராவை அமைத்துக்கொண்டார். வண்ணப் படம் எங்கும் பரவிய காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளையைக் கைவிடவில்லை. வேடந்தாங்கல் நீர்ப்பறவைகளை நெடுங்காலம் கவனித்து எழுதியவர் அவர். நம் நாட்டில் மருத்துவர் டி. எஸ். யு. த சில்வா இலங்கைப் பறவைகளின் படநூலை வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. கூட்டை மறைக்கும் இலையையும் புல்லையும் விலக்கினால் படம் தெளிவாக வரும். விலக்கியவர் பலர். நானும் விலக்கியிருக்கிறேன்.

1996ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில், இளம் ஆசிரியனாக இருந்தபோது, நண்பர் ஒருவரின் கமராவை இரவல் பெற்று, ரஜவெல்லப் பக்கத்துக் கரையில் ஆள்காட்டியின் முட்டைகள் நான்கைக் கண்டேன். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு பள்ளமே கூடு. மண்ணிறமும் கறுப்புப் புள்ளிகளும் கொண்ட முட்டைகளுக்குக் குறுக்கே ஏழெட்டுப் புற்கள் நின்றன. அவற்றைக் கிள்ளியெறிந்தேன். தாய்ப்பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்திற்று. முப்பத்தாறு படங்களையும் எடுத்து முடித்துக் கண்டியில் கழுவக் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஓட்டுத் துண்டுகள் இரண்டே கிடந்தன, அருகிலே காகங்கள். படங்கள் மிகத் தெளிவாக வந்திருந்தன. அவற்றை இன்றுவரை எவருக்கும் நான் காட்டியதில்லை.

இருட்டறைக் காலத்திலும் படத்தைத் திருத்துவார்கள். ஒரு பகுதிமேல் கையை நிழலாகப் பிடித்து அதனை வெளிறச் செய்வதும், வேறொன்றுக்கு அதிக ஒளி கொடுத்துக் கறுக்கச் செய்வதும், கண்ணாடித் தட்டிலே பென்சிலால் தீட்டுவதும் அக்காலத்து வழக்கங்கள். இன்று கணினியில் ஒரு புல்லை நீக்கச் சில கணங்கள் போதும். நான் கரையிலே கிள்ளிய புல்லை மாணவன் திரையிலே கிள்ளுகிறான், முட்டைக்குக் கேடில்லை. இதனைப் பொய் என்று கண்டிப்போர் உளர். படத்தின் அடியிலே இன்னது நீக்கப்பட்டது என்று எழுதிவிட்டால் எனக்கு மறுப்பில்லை. ஒளியைச் சீராக்குவது வேறு, இல்லாத பறவையைக் கொண்டுவந்து வைப்பது வேறு.

இப்பொழுது விடுமுறை நாள்களில் மாணவர் சிலரை அக்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். முட்டையிருக்கும் இடத்தை நாங்கள் அணுகுவதில்லை. இரைதேடும் சேற்றோரத்திலேயே பழைய சாக்குத்துணியால் மறைவு கட்டுகிறோம். மாணவன் ஒருவனோடு நானும் உள்ளே நுழைவேன். பிறகு ஆள்காட்டி பார்க்க, நான் மட்டும் வெளியேறிப் பாதை வரை நடந்து வந்து, அதன் கத்தல் எப்போது ஓயும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன்.