காவல் மோதிரம்

விரலில் கிடக்கும் மோதிரம் தேய்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் அது தேய்வதைக் கண்ணால் கண்டவர் எவருமிலர். நேற்றைய மோதிரத்திற்கும் இன்றைய மோதிரத்திற்கும் வேறுபாடு தெரிவதில்லை. பாட்டி அணிந்ததைப் பேத்தி அணியும் நாளில்தான், அது மெலிந்து கம்பிபோல் ஆகிவிட்டது என்பதைக் குடும்பத்தார் உணர்கின்றனர்.

இந்தத் தேய்மானத்தை ஓர் அறிவியல் சான்றாகவே எடுத்தாண்ட புலவர் ஒருவர் இருந்தார். அவர் கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த லுக்ரீஷியஸ். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய துகள்களால் ஆனதே உலகம் என்று நிலைநாட்ட வந்த அவர், அன்றாட வாழ்விலிருந்து சான்றுகளை அடுக்கினார். விரலில் அணிந்த மோதிரம் ஆண்டுகள் செல்லச் செல்ல உட்புறம் மெலிகிறது. சொட்டும் நீரால் கல் குழிகிறது. உழவனின் கொழு வயலில் தேய்கிறது. நகர வாயிலில் நிற்கும் வெண்கலச் சிலைகளின் வலக்கை, வருவோர் போவோர் தொட்டுத் தொட்டுத் தேய்கிறது. போவது எது என்று காண முடியவில்லை. ஆனால் போய்க்கொண்டே இருக்கிறது என்றார் அவர்.

மென்மையான விரலோடு உராய்ந்தே ஒரு மோதிரம் இப்படித் தேயுமானால், அதே விரலில் அதை நெருக்கி மற்றொரு மோதிரம் அணிந்தால் என்ன ஆகும்? மோதிரத்தைக் காக்க மனிதர் என்ன செய்தனர்? அந்தக் காவல் பலித்ததா? இவற்றையே இக்கட்டுரையில் காண முயல்வோம்.

அடுக்கி அணிந்த உரோமர்

ஒரு விரலில் பல மோதிரங்களை அடுக்குவது இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. கி.பி. 79 இல் மறைந்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில் மோதிரத்தின் கதையை விரிவாகவே எழுதியிருக்கிறார். முதலில் சிறுவிரலை அடுத்த விரலில் ஒன்றே ஒன்றை அணிந்த மக்கள், பின்னர் மற்ற விரல்களையும் நாடினர் என்றும், சிறுவிரல் ஒன்றிலேயே மூன்று மோதிரங்களைக் குவிப்பவரும் உண்டு என்றும் அவர் குறிக்கிறார்.

அதே நூற்றாண்டில் வாழ்ந்த மார்ஷியல் என்னும் அங்கதக் கவிஞர் சாரினஸ் என்பவனை எள்ளி நகையாடுகிறார். அவன் விரலுக்கு ஆறு மோதிரம் அணிபவன்; இரவிலும் கழற்றுவதில்லை; குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. காரணம் என்ன? அவனிடம் மோதிரப் பேழை இல்லையாம்! இந்த ஏளனத்தினுள் ஒரு வரலாற்றுச் செய்தி பொதிந்திருக்கிறது. மோதிரம் அணிவோர் அதை இரவில் கழற்றிப் பேழையில் வைப்பதே அக்காலத்து முறையான வழக்கம் என்பது இதனால் தெரிகிறது. அடுக்கி அணிந்த மோதிரங்களுக்கு மனிதன் கண்ட முதற்காவல், அவற்றை அவ்வப்போது பிரித்து வைத்ததேயாகும்.

வன்மையின் வரிசை

இரு பொருள்கள் உராயும்போது எது தேயும்? மெலியதே தேயும். இது எளிய விடை. ஆனால் எது வலியது, எது மெலியது என்று வரிசைப்படுத்த நீண்ட பயிற்சி வேண்டியிருந்தது. இத்துறையில் முஸ்லிம் அறிஞர்களின் பணி நினைவுகூரத் தக்கது. கி.பி. 973 இல் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, தம் முதுமைக் காலத்தில் கஜ்னியின் சுல்தான் மவ்தூதுக்காக எழுதிய நூல் ‘கிதாபுல் ஜமாஹிர்’. மணிகளையும் உலோகங்களையும் பற்றிய அந்நூலில் கற்களின் நிறத்தையும் விலையையும் கூறியதோடு அவர் நிற்கவில்லை. அவற்றின் எடையையும் வன்மையையும் ஆராய்ந்தார். யாகூத் மற்றக் கற்களை வெல்லும். யாகூத்தை வெல்வது அல்மாஸ் என்னும் வைரம் ஒன்றே என்பது அக்காலத்து மணிநூலார் நன்கறிந்த உண்மை.

இதையே 1812 ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கனிமவியலார் பிரீட்ரிக் மோஸ் பத்துப் படிகள் கொண்ட அளவையாக வகுத்தார். அதில் வைரம் 10. யாகூத் என்னும் மாணிக்கமும் நீலமும் 9. மணலில் மிகுந்து காணப்படும் குவார்ட்ஸ் 7. தங்கத்தின் இடம் எங்கே? ஏறத்தாழ 2.5 இல்தான்! நம் நகத்தின் வன்மையும் அதை ஒட்டியதே. முத்தும் 2.5 முதல் 4.5 வரையிலான மெல்லிய பொருளேயாகும். முத்துக் குளிப்போடும் முத்து வாணிகத்தோடும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு கொண்டிருந்த காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போகும் வரலாறு தெளிவாக விளங்கும்.

பிறவியிலேயே இணைந்தவை

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மானிய நாடுகளில், ‘கிம்மல்’ என்னும் இரட்டை மோதிரம் மணமக்களிடையே வழங்கியது. இரட்டையர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒன்றையொன்று கோத்த இரண்டு வளையங்கள். மூடினால் ஒரே மோதிரம், விரித்தால் இரண்டு. வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் உட்பக்கம் தட்டையாக இருக்கும். மணமக்களின் பெயர்களையோ ஒரு வாசகத்தையோ அப்பக்கத்தில் பொறித்தனர். மோதிரம் மூடியிருக்கும்போது அந்த எழுத்து வெளியுலகின் உராய்வுக்கு எட்டாமல் இருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இரு வளையங்களும் ஒரே பொற்கொல்லர் கையில், ஒரே மாற்றுப் பொன்னில், ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. ஒன்றின் மேடு மற்றொன்றைக் குத்துவதில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கடையில் வாங்கிய இரு மோதிரங்களை ஒரு விரலில் சேர்க்கும்போது இந்தப் பொருத்தம் கிடைப்பதில்லை. தொல்லை தொடங்குவது அங்கேதான்.

அரசியின் விரலில்

காவல் மோதிரம் என்று நாம் தலைப்பிட்டது இங்கிலாந்தில் ‘கீப்பர்’ என்று வழங்கிய மோதிரத்தையாகும். மணமோதிரத்தை அடுத்து, விரல் நுனியின் பக்கமாக அணியும் இறுக்கமான வளையம் அது. மணமோதிரம் நழுவி விழாமல் தடுப்பதும், வெளியிலிருந்து வரும் அடியைத் தான் தாங்கிக்கொள்வதும் அதன் கடமைகள்.

இவ்வகையில் புகழ்பெற்றது சார்லட் அரசியின் மோதிரம். ஜெர்மானியச் சிற்றரசு ஒன்றின் இளவரசியான சார்லட், தம் பதினேழாம் வயதில், 1761 செப்டம்பர் 8 ஆம் நாள் இலண்டன் வந்து சேர்ந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை அவர் முதன்முதலில் கண்டது அன்றுதான். திருமணம் நடந்ததும் அன்று மாலையே. மன்னர் தம் மணமகளுக்கு வைரங்கள் பதித்த வளையம் ஒன்றை மணமோதிரத்தின் காவலாக அளித்தார். அரசியுடன் இங்கிலாந்து வந்த பணியாளர் ஒருவரின் மகளான சார்லட் பாப்பென்டீக் அம்மையாரின் குறிப்புகள் இச்செய்தியைக் கூறுகின்றன. அவை 1887 இல் அச்சேறின.

அக்குறிப்புகளில் இரண்டு செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று, காவல் மோதிரம் மணமோதிரத்தைவிட உயர்ந்து நிற்காத அளவில் செய்யப்பட்டிருந்தது. மற்றொன்று, அந்த விரலில் அவ்விரண்டைத் தவிர மூன்றாவது மோதிரத்தை அரசி அணிந்ததே இல்லை. காலத்தின் நாகரிகம் சில வேளை வற்புறுத்தியபோதும் அவர் இணங்கவில்லை. உயரம் ஒத்திருத்தல், எண்ணிக்கையில் அடக்கம் ஆகிய இவ்விரு நெறிகளும் இன்றைக்கும் பொருந்துவன.

வேலியே பயிரை மேய்ந்த கதை

அரசியின் வழக்கம் குடிமக்களிடையேயும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலைப்பாடு மிகுந்த கனத்த காவல் மோதிரங்கள் இங்கிலாந்தின் கடைகளில் ஏராளமாக விற்பனையாயின. ஆனால் இதற்கிடையே சட்டம் ஒரு மாற்றத்தைச் செய்திருந்தது.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இங்கிலாந்தில் பொன்னின் சட்டப்படியான மாற்று 22 காரட் ஒன்றே. எனவே மணமோதிரமும் அதன் காவலும் ஏறத்தாழ ஒரே வன்மை உடையனவாக இருந்தன. 1798 இல் 18 காரட்டும் அனுமதிக்கப்பட்டது. 1854 இல் 15, 12, 9 காரட்டுகளும் சேர்ந்தன. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு பொன். 18 காரட்டில் 75 பங்கு. 9 காரட்டில் 37.5 பங்குதான். எஞ்சியது செம்பும் வெள்ளியும் பிறவும். செம்பு கூடக்கூடப் பொன் இறுகுகிறது.

மக்கள் மணமோதிரத்தை உயர்ந்த 22 காரட்டிலேயே செய்துகொண்டனர். காவல் மோதிரத்தையோ விலை குறைந்த 18 காரட்டிலும் அதற்குக் கீழும் வாங்கினர். சிக்கனம் என்று பார்த்தால் இது நியாயமே. விளைவோ வேறாயிற்று. வலிய காவலன் பக்கத்தில் நின்று மெலிய மணமோதிரத்தை ஆண்டுக் கணக்கில் அராவினான். வெளியிலிருந்து வரக்கூடிய அடியை அவன் தாங்கியது உண்மைதான். ஆனால் நாள்தோறும் விழும் அடியை அவனே தந்தான். வேலியே பயிரை மேய்ந்தாற்போல ஆயிற்று!

வைரம் பதித்த மோதிரங்கள் பெருகியபோது தீங்கும் பெருகியது. தாழப் பதித்த கல்லின் விளிம்பு வளையத்தைத் தாண்டி நீண்டால் அடுத்த மோதிரத்தில் அது வாளாகப் பாயும். 1886 இல் டிஃபனி நிறுவனம் ஆறு நகங்களால் கல்லை உயர்த்திப் பிடிக்கும் பதிப்பை அறிமுகப்படுத்தியது. ஒளி நன்றாகப் புகுவதற்கென்று செய்த அவ்வமைப்பில் கல் வளையத்திற்கு மேலே எழுந்து நின்றது. ஆயினும் கல்லைப் பற்றி நிற்கும் மெல்லிய நகங்கள் பக்கத்து மோதிரத்தோடு உராய்ந்தால் அவையும் தேயும். நகம் தேய்ந்தால் கல் உதிரும். தேய்மானம் இருபுறமும் வெட்டும் கத்தி என்பது இங்கே தெளிவாகிறது.

உராய்வின் கணக்கை 1953 இல் ஆங்கிலேய அறிஞர் ஆர்ச்சர்டு ஒரு வாய்பாடாக அமைத்தார். அழுத்தமும் உராயும் தூரமும் மிகுந்தால் தேய்மானம் மிகும். தேயும் பொருளின் வன்மை மிகுந்தால் தேய்மானம் குறையும் என்பதே அதன் சாரம். விரலில் இரு மோதிரங்கள் ஒரு நாளில் எத்தனை முறை அசைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றினிடையே தெருப்புழுதி புகுந்தால், அதிலுள்ள மணல் துகள் இரண்டையுமே அரைக்கும் திரிகையாகிவிடுகிறது.

நம் இல்லங்களில்

சார்லட் அரசியின் விரலில் நிகழ்ந்தது நம் வீடுகளுக்கு அயலானதன்று. நம் தாய்மார் அணியும் கல்லில்லா மோதிரங்கள் பெரும்பாலும் 22 காரட்; முத்திரையில் 916 என்று காண்போம். வைர மோதிரங்களோ கல்லை இறுகப் பற்றுவதற்காகப் பெரும்பாலும் 18 காரட்டில் செய்யப்படுகின்றன. அவற்றில் 750 என்று இருக்கும். மணநாளில் மாமியார் தம் விரலிலிருந்து கழற்றி மருமகளுக்கு இட்ட பழைய மோதிரமும், மணமகன் வீட்டார் வாங்கிய புதிய வைர மோதிரமும் ஒரே விரலில் சேரும்போது, மெலிந்து போவது மூத்தவரின் நினைவுதான். கடையில் எடைபோட்டால் சில குன்றிமணி குறையும். அந்த இழப்பைப் பணத்தால் ஈடு செய்யலாம். மூன்று தலைமுறையின் கைபட்ட பொன்னை எதனால் ஈடு செய்வது?

வரலாறு நமக்குக் காட்டும் வழிகள் எளியவை. மாற்றும் உயரமும் ஒத்த மோதிரங்களையே அடுத்தடுத்து அணிதல் நலம். கல் பதித்ததற்கும் பழையதற்கும் நடுவே கல்லில்லாத மெல்லிய 22 காரட் வளையம் ஒன்றை இடலாம். தேய்வது அந்த வளையமாக இருக்கட்டும். அதை மீண்டும் செய்துகொள்ள முடியும். மோதிரங்கள் தளர்ந்து ஆடினால் உராய்வு மிகும். விரலுக்கேற்ற அளவாக்கிக் கொள்ள வேண்டும். என்றும் பிரியாமல் அணிய விரும்பும் இரண்டைப் பொற்கொல்லரிடம் கொடுத்து ஒன்றாகப் பற்றவைத்துவிட்டால் அவை தம்முள் உராய்வதே இல்லை; கிம்மல் மோதிரத்தின் பொருத்தத்தை இவ்வாறு பெறலாம். முத்து மோதிரத்தைத் தனி விரலில் அணிதலே அதற்குச் செய்யும் மரியாதை. பாத்திரம் துலக்கும்போதும் மாவு பிசையும்போதும் கழற்றி வைத்தலும், வைக்கும்போது ஒரே டப்பியில் கொட்டாமல் தனித்தனித் துணியில் முடிந்து வைத்தலும் உரோமர் காலத்திலிருந்தே மனிதர் அறிந்த காவல். ஆண்டுக்கு ஒருமுறை கல்லின் நகங்களைப் பொற்கொல்லரிடம் காட்டிச் சரிபார்த்தலும் வேண்டும்.

அப்படியும் மோதிரம் தேயத்தான் செய்யும். அணியாமல் பெட்டியில் பூட்டினால் தேயாது. ஆனால் அணியாத மோதிரத்திற்கு நினைவும் இல்லை. விரலும் காலமும் எடுத்துக்கொள்ளும் பங்கைத் தடுக்க நம்மால் ஆகாது. அந்தப் பங்கை நாமே இரட்டிப்பாக்காமல் இருக்கலாம். காவலுக்கென்று ஒன்றை அருகில் நிறுத்தும்போது, அது எவ்வளவு மின்னுகிறது என்று கேட்பதற்கு முன், காக்கப்படுவதை அது உராயுமா என்று கேட்டுக்கொள்வதே அறிவுடைமையாகும்.